உதவ வந்த வெள்ளைக்காரர்கள், ஒரு ஊர், இரண்டு மதம்: இதை நகைச்சுவை நாடகமாகப் போடலாமா?

செம்பூர்_மேடை:

வணக்கம். மும்பையில் தமிழ் நாடகம் போடுகிறவர்கள், பார்க்கிறவர்கள், தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் உங்கள் கருத்து வேண்டும்.

நாங்கள் செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு பக்கத்து ஆட்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒத்திகை சனி ஞாயிறு மட்டும்தான். இத்தனை நாள் போட்டதெல்லாம் குடும்ப நகைச்சுவை. இந்த முறை எங்கள் குழுவில் ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்த பிரதி வேறு மாதிரி. படித்து முடித்ததும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது, கூடவே பயமும் வந்துவிட்டது.

கதை இதுதான். கற்பனை நாடு, ஆற்றங்கரையில் ஒரு ஊர். ஒரு கோடியில் பள்ளிவாசல், மறு கோடியில் தேவாலயம், நடுவில் ஒரே ஒரு கிணறு. ஊர்க்காரர்கள் சண்டை போடுவார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள், மறுபடி சண்டை போடுவார்கள். பக்கத்து மாகாணத்தில் கலவரம் என்று செய்தி வந்ததும் ஐரோப்பாவில் இருந்து ஒரு உதவி அமைப்பு வெள்ளை லேண்ட் குரூசரில் வந்து இறங்குகிறது. கெட்டவர்கள் இல்லை, உண்மையிலேயே உதவ வந்தவர்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அரிசி வாங்க, கொசுவலை வாங்க, கூட்டத்தில் உட்கார்ந்து டீ குடிக்கக்கூட அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும், ஏனென்றால் இரண்டு தரப்புக்கும் சரிபாதி போய்ச் சேர்ந்தது என்று தலைமையகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சண்டை வராமல் இருக்க ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு வேறு தோண்டித் தருகிறார்கள். யார் பக்கத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் ஊரில் ஆரம்பிக்கிறது. நாயகன் அந்த அமைப்பின் உள்ளூர் டிரைவர். அவனுடைய அம்மா ஒரு மதம், அப்பா ஒரு மதம். அவனை எந்தக் கட்டத்தில் போடுவது என்று முடிவு செய்ய நாள் முழுக்க ஒரு கூட்டம் நடக்கிறது. அதைப் படிக்கும்போது எங்கள் ஆட்கள் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பாதியில் கலவரம் நிஜமாகவே வந்துவிடுகிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு. டிரைவர்தான் அவர்களை விமானத்துக்குக் கொண்டுபோய் விடுகிறான். ஏறுகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

எழுதிய பெண்ணுக்கு இந்தக் கதை வந்தது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இருந்து. அங்கே 2013 மார்ச்சில் செலேக்கா என்ற கிளர்ச்சிப்படை, பெரும்பாலும் முஸ்லிம்கள், ஆட்சியைப் பிடித்தது. அதை எதிர்த்து ஆன்ட்டி பலாக்கா என்ற படைகள் கிளம்பி அந்த டிசம்பரில் தலைநகர் பாங்கியில் முஸ்லிம்களைத் தேடித் தேடிக் கொன்றன, அதற்கு முன்னால் செலேக்காக்காரர்கள் செய்த கொலைகளும் கொஞ்சமில்லை. அந்தச் சமயத்தில் பாங்கியின் பேராயர் நசபலைங்கா, இமாம் கொபினே லயாமாவைத் தன் வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்க வைத்துக் காப்பாற்றினார். ஒரு பாதிரியாரையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேரும் ஊர் ஊராகப் போய், இது மதச் சண்டை இல்லை, பதவிச் சண்டை என்று பேசினார்கள். இவ்வளவும் உள்ளூர் ஆட்களே செய்தது. அதில் இருந்துதான் பிரதி பிறந்தது.

இப்போது என் கேள்விகள். மகாராஷ்டிராவில் பிரதிக்கு அனுமதி வாங்குவதில் மதம் என்ற சொல்லைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்களா? இடத்தைக் கற்பனை நாடாகவே வைப்பதா, ஆப்பிரிக்கா என்று சொல்வதா, இல்லை இலங்கைக்கு மாற்றுவதா? எல்லாவற்றுக்கும் மேல், கலவரக் காட்சி வந்த பிறகும் சிரிக்க வைக்கலாமா? குழுவில் பாதிப்பேர் கடைசி வரை நகைச்சுவை குறையக்கூடாது என்கிறார்கள், மீதிப்பேர் பிணம் விழுந்த பிறகு சிரிப்பு என்ன சிரிப்பு என்கிறார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாட்டுங்கா_சபாக்காரர்:

அனுமதி விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதற்கு விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

மகாராஷ்டிராவில் நாடகப் பிரதியை முன்கூட்டியே ரங்கபூமி பிரயோக் பரிநிரீக்ஷண் மண்டல் என்ற மாநில நாடகத் தணிக்கைக் குழுவுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மராத்தி நாடகம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் பல பேர் கடைசி நேரத்தில் ஓடுவார்கள். நாடகத்துக்கு முன்தணிக்கையே கூடாது என்று நடிகர் அமோல் பாலேகர் 2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், அந்த வாதத்தை எடுத்துப் படியுங்கள், உங்களுக்கு நல்ல தெம்பு கிடைக்கும். அதற்கும் முன்னால் 1970-களில் மராத்தி நாடக ஆசிரியர் விஜய் டெண்டுல்கரின் 'சகாராம் பைண்டர்' நாடகத்துக்கு ஏகப்பட்ட வெட்டு சொன்னபோது, இயக்குநர் கமலாகர் சாரங் அதே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆக இந்த ஊரில் நாடகக்காரர்கள் அனுமதிக் குழுவோடு மல்லுக்கு நின்று பழகியவர்கள்.

நம் பக்கமும் அப்படித்தானே. எம்.ஆர். ராதாவை அடக்குவதற்காகவே 1954-ல் சென்னை மாகாணத்தில் நாடகச் சட்டம் வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தச் சட்டம் ஐம்பது வருஷத்துக்கு மேல் புத்தகத்திலேயே இருந்தது என்பதும், பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. ராதா அந்தக் காலத்தில் சிறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி அதே நாடகத்தைப் போட்டார். அந்த வழியில் வந்த நாம் மதம் என்ற சொல்லைப் பார்த்து ஏன் நடுங்க வேண்டும்?

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் இருக்கிறது. 2024 ஜூலையில் இருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பழைய 295ஏ அதில் 299, சமூகங்களுக்குள் பகை மூட்டுவதற்கான பழைய 153ஏ அதில் 196. 299-ல் வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால் என்றுதான் இருக்கிறது. உங்கள் நாடகம் எந்த மதத்தின் நம்பிக்கையையும் தொடவில்லை, மதக் கட்டத்தை நிரப்பச் சொல்கிற படிவத்தைத்தான் தொடுகிறது. அனுப்பும்போது கூடவே ஒரு பக்கக் கதைச்சுருக்கம் மராத்தியில் வையுங்கள், அதில் இதை முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: சான்றிதழ் வாங்கிய பிரதியில் இல்லாத வசனத்தை மேடையில் அள்ளி விடக்கூடாது. நம் நகைச்சுவை நடிகர்களுக்குக் கைதட்டல் கேட்டால் வாய் நிற்காது. இந்த நாடகத்தில் அந்தப் பழக்கத்துக்கு இடமே கொடுக்காதீர்கள்.

கடலோரக்காரி:

நான் நாகப்பட்டினத்துக்காரி. 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு அமைப்பில் களப்பணியாளராக இருந்தேன், இப்போது கோவண்டியில் ஒரு சின்ன சங்கத்தில் வேலை. உங்கள் பிரதியின் முதல் பாதியைப் படித்தபோது மனசு பதறியது, ஏனென்றால் அந்தக் கட்டத்தை நிரப்பிய கை என்னுடையது. எங்கள் படிவத்தில் சாதி.

தமிழ்நாட்டில் அந்த ஒரு நாளில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000-க்கு மேல் நாகை மாவட்டத்து மக்கள். உதவி வந்தது, ஏராளமாக வந்தது, அதை நான் என்றைக்கும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வந்த விதத்தைப் பாருங்கள். பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து சாலை ஓரத்தில் கொட்டிக் கிடந்தது, பெண்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை, கம்பளிச் சட்டையை வைத்துக்கொண்டு நாகையில் யார் என்ன செய்வது? தற்காலிக வீடு என்று தார் ஷீட்டில் கட்டித் தந்தார்கள். சித்திரை வெயிலில் அதற்குள் குழந்தையைக் கிடத்த முடியாது, எல்லாரும் வெளியே மணலில் கிடந்தார்கள். படகு கொடுப்பதில் அமைப்புகளுக்குள் போட்டி. ஃபைபர் படகு என்றால் புகைப்படம் அழகாக வரும், மேலே பெயர் எழுதலாம். கடைசியில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிடப் படகு அதிகமாகிவிட்டது. மீன் மட்டும் அதே அளவுதான். மீனவக் குப்பத்துக்கு எல்லாம் குவிந்தபோது உப்பளக் கூலிகள், தலித் குடியிருப்புகள், இருளர்கள் பட்டியலிலேயே இல்லை. படகு இழந்தவனுக்குத்தான் நிவாரணம், அந்தப் படகுக்காரனிடம் கூலிக்குப் போனவனுக்கு ஒன்றுமில்லை. கேட்டால் எங்கள் திட்டத்தில் அந்த வரி இல்லை என்பார்கள்.

நான் சொல்ல வருவது, நாடகத்தில் வெளிநாட்டுக்காரர்களை முட்டாளாகக் காட்டாதீர்கள். என் மேலதிகாரியாக இருந்த பெண்மணி ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் முகாமில் நின்று கழிப்பறை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தலைக்கு மூன்றரை சதுர மீட்டர் இடம் என்று உதவிப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்ஃபியர் என்ற கையேட்டில் இருக்கிறது. அதை மனப்பாடமாகச் சொல்லி அதற்காகக் கலெக்டர் ஆபீசில் சண்டை போடுவார். அந்தக் கணக்கால் உயிர் பிழைத்த பிள்ளைகள் உண்டு. நல்ல மனசும் கடுமையான உழைப்பும் இருந்தும் ஏன் இப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி. பதில், அவர் கணக்குச் சொல்ல வேண்டிய ஆள் நாகையில் இல்லை, எங்கோ பணம் கொடுத்த நாட்டில் இருந்தார். தேதிக்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும், புகைப்படம் அனுப்ப வேண்டும், அடுத்த தவணை வாங்க வேண்டும். நாடகத்தில் சிரிப்பு அந்த இடத்தில் வரட்டும். கண்ணில் தண்ணீரோடு ஒருவர் அறிக்கை எழுதுகிறார், அறிக்கையில் கண்ணீருக்குக் கட்டம் இல்லை என்று ஒரு காட்சி வைத்தால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன்.

மதம் பற்றிக் கேட்டீர்கள். பரங்கிப்பேட்டையில் சுற்று வட்டார மீனவக் கிராமத்து மக்களுக்குச் சோறு போட்டவர்கள் அங்குள்ள ஜமாஅத்தார். நாகூர் தர்காவில் எல்லா மதத்துப் பிணங்களையும் புதைக்க இடம் கொடுத்தார்கள். எந்த வெளிநாட்டு வண்டியும் வருவதற்கு முன் நடந்தது அது. உங்கள் ஊர்க்காரர்களை வெறும் பாவப்பட்டவர்களாகக் காட்டாமல், இப்படி யாரும் சொல்லாமலே காரியம் செய்கிறவர்களாகக் காட்டுங்கள். அது இருந்தால்தான் உங்கள் நையாண்டிக்கு வலு.

கோலிவாடா_அண்ணாச்சி:

எனக்கு இந்த நாடகமே வேண்டாம் என்று தோன்றுகிறது, கோபிக்காதீர்கள். எங்கள் சித்தப்பா குடும்பம் சுனாமிக்குப் பிறகு இருக்கும் வீடு வெளிநாட்டுப் பணத்தில் கட்டியது. அரசாங்கம் கொடுத்த இடம், அவர்கள் கட்டிய சுவர், இன்றைக்கும் ஒழுகவில்லை. யாரோ முகம் தெரியாத ஒருவர் எங்கோ இருந்து பணம் அனுப்பினார் என்பதை நினைத்தாலே எனக்குக் கை கூப்பத் தோன்றும். ஏற்கனவே அரசாங்கங்கள் எல்லாம் உதவிப் பணத்தை வெட்டிக்கொண்டே வருகின்றன. இந்த நேரத்தில் மேடை போட்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தால், பார்க்கிறவன் இனிமேல் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதே என்று எடுத்துக்கொண்டு போவான். மதக் கலவரம் செய்கிறவனை விட்டுவிட்டு, மருந்து கொண்டு வந்தவனையா கிண்டல் செய்வது?

சயான்_ரயிலடி:

அண்ணாச்சி, உங்கள் கவலை நியாயமானதுதான், ஆனால் தவறு நடந்தபோது பேசாமல் இருந்ததால் யாருக்கும் நன்மை வரவில்லையே. ஹைட்டியில் 2010-ல் பூகம்பம் வந்த சில மாதங்களில் காலரா பரவியது. அந்த நாட்டில் அதற்கு முன் அப்படி ஒரு நோய் பரவல் இல்லை. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து வந்தது அது, ஏறத்தாழ 10,000 பேர் செத்தார்கள். ஐ.நா. தன் பங்கை ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று. உதவ வந்தவர்கள் என்பதால் யாரும் கேட்கக்கூடாது என்ற நினைப்பு இருந்ததால்தானே அத்தனை வருஷம் இழுத்தது?

இன்னொன்று, செம்பூர் சாருக்கு. ஆப்பிரிக்கா என்று மேடையில் சொன்னால் உங்கள் நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு வருவார்களா? தயவுசெய்து வேண்டவே வேண்டாம். நம் மேடையில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, கறுப்பு மை, சுருட்டை விக், தடித்த உதடு வரைவது. நவி மும்பையிலும் மீரா ரோட்டிலும் வாழும் நைஜீரிய, காங்கோ நாட்டு ஆட்கள் வாடகை வீட்டுக்கு அலைகிற அலைச்சலைப் பார்க்கிற ஊர் இது, அதில் நாமும் ஒரு கை சேர்க்க வேண்டாம். அதேபோல வெள்ளைக்காரர் என்றால் பவுடர் அப்பிக்கொண்டு கொச்சைத் தமிழ் பேச வைப்பது. அதையும் விடுங்கள். அவர்களை நல்ல தமிழில், தெளிவாக, மரியாதையாகப் பேச வையுங்கள். அவ்வளவு அழகாகப் பேசுகிற ஆள் பக்கத்தில் நிற்கும் டிரைவரின் பெயரைக் கடைசி வரை கேட்கவே இல்லை என்றால், அது கொச்சைத் தமிழைவிட நூறு மடங்கு உறைக்கும்.

கொட்டியாரக்_கரை:

நான் ஈழத்தவன், மூதூர்ப் பக்கம். கப்பல் வேலைக்காக வந்து இப்ப நவி மும்பையில் இருக்கிறேன். இலங்கைக்கு மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

உங்கள் டிரைவரின் பெயர் விமானப் பட்டியலில் இல்லை என்று வாசித்தபோது எனக்குக் கை நடுங்கினது. 2006 ஆகஸ்ட் 4, மூதூரில் ஒரு பிரெஞ்சு உதவி அமைப்பின் அலுவலக வளாகத்தில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் உள்ளூர் ஊழியர்கள், 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்ட சனங்களுக்குத் தண்ணீர் வேலை செய்யப் போனவர்கள். சண்டை மூண்டபோது அலுவலகத்துக்குள்ளேயே இருங்கள், அதுதான் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டவர்கள். அமைப்பின் பெயர் போட்ட டி-சேர்ட்டோடுதான் முற்றத்தில் கிடந்தார்கள். இன்றுவரை அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. உதவி அமைப்பு வாகனக் கண்ணாடியில் துப்பாக்கிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள், உள்ளே ஆயுதம் இல்லை என்று சொல்கிறது. அது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவனை எவ்வளவு காக்கிறதோ அவ்வளவு எங்களைக் காக்கவில்லை. உலகம் முழுக்கத் தாக்கப்படும் உதவிப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தந்த நாட்டு ஆட்கள்தான்.

2008 செப்டெம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலகத்து வாசலில் சனம் கூடி நின்று போகாதீங்கோ என்று கெஞ்சினது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசாங்கம் சொன்னது, அவர்கள் போனார்கள். புலிகள் கையில் இருந்த வன்னிக்குள் இருந்த உள்ளூர் ஊழியர்களின் குடும்பங்களை வெளியே விடப் புலிகள் மறுத்தார்கள், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் போரில் தாங்கள் செய்யத் தவறியது என்னவென்று ஐ.நா.வே ஒரு உள் விசாரணை நடத்தி 2012-ல் அறிக்கை வெளியிட்டது, உங்கள் எழுத்தாளர் அதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

மதம், இனம், உதவி மூன்றும் சிக்கிக்கொண்ட இன்னொரு கதையும் எங்களிடம் இருக்கிறது. சுனாமிப் பணத்தைப் பங்கிட அரசும் புலிகளும் 2005 ஜூனில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். கிழக்கில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் அதில் கையொப்பமிடும் தரப்பாகவே இல்லை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. அலை வந்தபோது மூன்று சமூகத்தாரும் ஒன்றாக ஓடினார்கள், ஒருவரை ஒருவர் இழுத்துக் காப்பாற்றினார்கள். பணம் வந்தபோது யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிந்தார்கள். உங்கள் இரண்டு கிணற்றுக் கதையை நாங்கள் வாழ்ந்துவிட்டோம்.

ஆனபடியால் என் கருத்து, இலங்கை என்று பெயர் வைக்க வேண்டாம். வைத்தால் பார்வையாளர் புலியா அரசா என்று கட்சி கட்டிக்கொண்டு உட்காருவார்கள், டிரைவரை மறந்துவிடுவார்கள். கற்பனை நாடாகவே இருக்கட்டும். எங்கள் ஆட்கள் பார்த்தால் தானாகத் தெரிந்துகொள்வார்கள். சிரிப்பு வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும். முகாமில் இருந்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பு வேறெங்கும் சிரித்ததில்லை, படிவம் கொண்டு வருகிறவர்களை நடித்துக் காட்டப் பெடியள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு எங்களுடையது. டிரைவர் சிரிக்கட்டும், சனமும் சேர்ந்து சிரிக்கட்டும். அவர்களைப் பார்த்துச் சபை சிரிக்கிற மாதிரி ஒரு வசனம்கூட இருக்கக்கூடாது.

தொண்ணூறு_அடி_ரோடு:

தாராவிக்காரன். மேலே தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

செம்பூர் சார், நீங்கள் எந்தக் கற்பனை நாடு என்று போட்டாலும் மும்பைப் பார்வையாளர் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இங்கே நடந்த இந்து முஸ்லிம் கலவரத்தைத்தான் பார்ப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்கில் நகரம் முழுக்க 900 பேர் இறந்தார்கள், 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், மீதி அடையாளம் தெரியாதவர்களும் மற்றவர்களும். அந்த எண்களுக்குள் எங்கள் சந்து ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் திருநெல்வேலிக்காரர்களே இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று மூன்றாகவும் இருக்கிறோம், தோல் பதனிடுகிற வேலைக்கு வந்த பழைய குடும்பங்கள். ஊரடங்கு நாட்களில் பால் பாக்கெட் யார் வீட்டுக்கு யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும், யார் வீட்டை யார் காட்டிக் கொடுத்தார்கள் என்பதும் தெரியும். இரண்டும் நடந்தது. நாடகத்தில் முதலாவதை மட்டும் காட்டினால் பொய்யாகிவிடும்.

கலவரம் முடிந்த பிறகு மொஹல்லா கமிட்டி, அதாவது தெரு அமைதிக் குழு, என்று தெருத் தெருவாக உட்கார்ந்தோம். வக்கார் கான், பாவ் கோர்டே இரண்டு பேரும் தாராவியில் செய்த வேலையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள், நான்கு மதத்துப் பிள்ளைகள் சேர்ந்து நிற்கிற அந்தப் போஸ்டர் போலீஸ் ஸ்டேஷன் சுவரில்கூட ஒட்டியிருந்தது. ஒரு கான், ஒரு கோர்டே, எங்கள் தெரு, அவ்வளவுதான், வெளியே இருந்து யாரும் வந்து சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்கள் கதையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. வெள்ளைக்காரர்கள் போன பிறகு ஊரில் என்ன நடக்கிறது? நாடகம் விமானத்தோடு முடிந்துவிட்டால், அவர்கள் இருக்கும் வரைதான் கதை என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகும். அவர்கள் போன மறுநாள் காலையில் ஒரு காட்சி வேண்டும். இரண்டு கிணற்றிலும் மோட்டார் ரிப்பேர், உதிரி பாகம் ஐரோப்பாவில் இருந்து வர வேண்டும், எல்லாரும் பழைய கிணற்றுக்குக் குடத்தோடு வருகிறார்கள். நேற்று ஒருவர் வீட்டை ஒருவர் எரித்தவர்கள், இன்றைக்கு ஒரே கயிற்றுக்குக் காத்திருக்க வேண்டும். யார் முதலில் பேசுவது? அதில் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

செம்பூர்_மேடை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பிரதி எழுதிய பெண் இந்தத் திரியை முழுக்கப் படித்துவிட்டு நேற்று இரவு கூப்பிட்டார், கொட்டியாரக் கரை தம்பியின் பதிலைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

முடிவு செய்த வரை சொல்கிறேன். கற்பனை நாடு, நாட்டின் பெயர் மேடையில் வராது. கரி, பவுடர், விக் எதுவும் கிடையாது, எல்லாரும் எங்கள் சொந்த முகத்தோடு வருகிறோம். வெளிநாட்டுக்காரர்கள் நல்ல தமிழ் பேசுவார்கள். கடலோரக்காரி சொன்ன அறிக்கைக் காட்சி உள்ளே வந்துவிட்டது, ஒரு பெரிய மேஜை, அதன் மேல் 15 லிட்டர் தண்ணீர் கேன், அதைச் சுற்றியே கூட்டம் நடக்கும், கூட்டம் முடியும் வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். அந்த அதிகாரிப் பெண்மணி பாத்திரத்தை வில்லியாக்காமல் மனசுள்ள ஆளாகவே எழுதுகிறோம். அவர் டிரைவருக்காகத் தலைமையகத்தோடு போனில் சண்டை போடுகிறார், தோற்கிறார், ஆனாலும் விமானத்தில் ஏறுகிறார். அண்ணாச்சி, உங்கள் சித்தப்பா வீட்டுச் சுவர் ஒழுகவில்லை என்பதையும் மறக்கவில்லை, ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயில் அந்த நன்றியை வைக்கிறோம், அதைக் கிண்டல் செய்ய மாட்டோம்.

கலவரக் காட்சியில் சிரிப்பு கிடையாது. அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. கிணற்றடிக் காட்சிதான் கடைசி. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம். யார் முதலில் பேசுவது என்று தொண்ணூறு அடி ரோடு அண்ணன் கேட்டாரே, அதற்கு எங்களிடம் பதில் இல்லை. டிரைவர் பேசினால் நாயகத்தனமாகப் போய்விடுகிறது.

தொண்ணூறு_அடி_ரோடு:

டிரைவர் வேண்டாம். குடத்தோடு வந்த ஒரு பாட்டி பேசட்டும், சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம், வரிசையில் யாரோ முந்திவிட்டதற்காகத் திட்டட்டும். எங்கள் தெருவில் குழாயடியில் பேச்சு மறுபடி அப்படித்தான் ஆரம்பித்தது.

மாட்டுங்கா_சபாக்காரர்:

அருமை. அந்தத் திட்டு வசனத்தையும் எழுத்தில் வைத்து அனுப்புங்கள், மேடையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மராத்திச் சுருக்கம் எழுத ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், எங்கள் சபாவில் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார், செய்து தருவார்.

கடலோரக்காரி:

பாட்டி வேஷத்துக்கு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். நடித்ததில்லை, திட்டத் தெரியும்.

செம்பூர்_மேடை:

கட்டாயம் வாருங்கள் அக்கா. ஒத்திகைக்கு இடம்தான் இன்னும் பிடிக்கவில்லை, செம்பூரில் கேட்ட ஹால் வாடகை எங்களுக்குக் கட்டாது.

தொண்ணூறு_அடி_ரோடு:

எங்கள் தெரு மன்றத்துக்கு மாடியில் ஒரு கூடம் இருக்கிறது, வாடகை வேண்டாம், கரண்ட் காசு மட்டும் கொடுங்கள். ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சயான் ஸ்டேஷனில் இறங்கினால் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.